அப்பாவின் பைக்கிலிருந்து உரித்த இரண்டு சொற்கள்

மதிப்புக்குரிய ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கும் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக எழுதினால் இவர் அவரைக் கேட்கச் சொல்வார், அவர் இவரைக் கேட்கச் சொல்வார், பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் அப்பா 1991-இல் உள்துறையின் கீழ் வரும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் (சி.ஆர்.பி.எஃப்.) சேர்ந்து, 23 வருடம் வேலை பார்த்து, ஹவில்தாராக 2014-இல் விருப்ப ஓய்வில் வந்தவர். காஷ்மீர், திரிபுரா, கடைசியில் சத்தீஸ்கர். எங்களுக்கு வேலூர் பக்கம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் இருக்கிற மாவட்டம் என்பது பாதுகாப்புத் துறைக்கு நன்றாகவே தெரியும். எங்கள் தெருவில் அப்பாவுக்குப் பெயரே 'பட்டாளத்துக்காரர்' தான். மளிகைக்கடை கணக்கு நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவர் எந்தப் படை, எந்த அமைச்சகம் என்று தெருவில் ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டது ஒரு வாகனச் சோதனையில். போன மாதம் நானும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், அவர் ஓட்ட, நான் பின்னால். எந்த ஊர் என்பது வேண்டாம், அந்தக் காவலர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பைக்கின் பின்பக்க மட்கார்டில், நம்பர் பிளேட்டுக்கு மேலே, 'முன்னாள் படைவீரர்' என்று ஒரு ஸ்டிக்கர். ஒட்டியது நான்தான், காலேஜ் படிக்கும்போது அவர் பிறந்தநாளுக்கு 60 ரூபாய் கொடுத்து அடித்து வாங்கினேன். 2024 மே 2 முதல் சென்னையில் இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு அபராதம் என்று ஆரம்பித்தார்கள் இல்லையா, அப்போதே எடுத்திருக்க வேண்டும், சென்னைதானே என்று விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு.

"எக்ஸ் மிலிட்டரியா ஐயா? கார்டு காட்டுங்க" என்றார் காவலர். மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சி.ஆர்.பி.எஃப். ஆச்சே. அப்போ நீங்க போலீசுங்க. படைவீரர்னு எப்படிப் போடுவீங்க?" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 23 வருடம் ஆர்டரைக் கேட்டுப் பழகியவர். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, குனிந்து உட்கார்ந்து, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். வெயிலில் காய்ந்து கிடந்த ஸ்டிக்கர், லேசில் வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. 'முன்னாள்' முதலில் வந்துவிட்டது. 'படைவீரர்' வர நேரமானது. நான் சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தேன், அதால் சுரண்டினார். அந்தக் காவலருக்கே சங்கடமாகிவிட்டது. "விடுங்க ஐயா, வீட்ல போய் எடுத்துக்கலாம்" என்றார். அப்பா கடைசி எழுத்து வரைக்கும் எடுத்துவிட்டுத்தான் எழுந்தார். 500 ரூபாய் அபராதமும் கட்டினார். இது நடந்துகொண்டிருக்கும்போதே, பின் கண்ணாடி முழுக்க 'POLICE' என்று சிவப்பும் நீலமுமாக எழுதிய கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. யாருடைய மச்சான் மகனோ.

ஸ்டிக்கர் ஒட்ட அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. வண்டி நம்பரைத் தவிர வேறெதுவும் பிளேட்டில் இருக்கக் கூடாது என்பது சரியான விதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்தால் இன்னும் சரி. எனக்கு உறைத்தது அந்தக் கேள்விதான். 'நீங்க போலீசுங்க, படைவீரர்னு எப்படிப் போடுவீங்க?' அந்தக் காவலர் சட்டத்தில் இருப்பதைத்தான் சொன்னார். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லித்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். முன்னாள் படைவீரர் என்ற சொல்லின் வரையறைக்குள் சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் வேலை பார்த்தவர்களையும் சேருங்கள். கோரிக்கை இந்த ஒன்றுதான்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 1979-ஆம் வருட மறுவேலைவாய்ப்பு விதிகளில் முன்னாள் படைவீரர் என்றால் தரைப்படை, கடற்படை, விமானப்படை, அவ்வளவுதான். துணை ராணுவத்தினர் இதில் சேர மாட்டார்கள் என்று தனியாகவும் எழுதிவைத்தார்கள். ஆனால் எங்கள் படைக்கான 1949-ஆம் வருடச் சட்டம் இது ஒன்றிய அரசின் 'ஆயுதப்படை' என்று சொல்கிறது. டில்லி உயர் நீதிமன்றமும் 2023 ஜனவரியில், பழைய பென்ஷன் வழக்கில், இவை ஒன்றியத்தின் ஆயுதப்படைகளே என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போய் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது. எல்லையில் நிற்கும்போது ஆயுதப்படை, பென்ஷன் என்று வந்தால் போலீஸ்.

இதற்குத் தீர்வு மாதிரி ஒன்றை 2012 நவம்பர் 23-இல் உள்துறை அமைச்சகம் கொண்டுவந்தது. எங்களுக்கு ஒரு தனிப் பெயர். 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படைப் பணியாளர்.' மாநில அரசுகள் விரும்பினால் முன்னாள் படைவீரர்களுக்குத் தருவதைப் போல இவர்களுக்கும் சலுகைகள் தரலாம் என்றும் அதில் இருக்கிறது. 'தரலாம்' என்ற சொல்லுக்கு அரசாங்க மொழியில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அந்த ஆணையின் நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார், ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை எடுத்துக்கொண்டும் போனார். மூன்றாவது முறை அங்கிருந்தவர் அதைப் படித்துப் பார்க்காமலே, "இது உங்க டிபார்ட்மென்ட் சமாச்சாரம் சார்" என்று அனுப்பிவிட்டார். இதில் இன்னொரு சங்கடம், அந்தப் பெயர் ஒரு ஸ்பிளெண்டரின் மட்கார்டில் கொள்ளாது. ஸ்டிக்கர் கடைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், கட்டுப்படியும் ஆகாது.

சரி, விளையாட்டை விடுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா பீரங்கிப் படையில் 17 வருடம் இருந்தவர். சுட்டுச் சுட்டே ஒரு காது போய்விட்டது. அப்பாவுக்கு இடது காது சத்தீஸ்கரில் போனது. முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியபோது இவர் இரண்டாவது வண்டியில் இருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, காது மட்டும். சாயங்காலம் இரண்டு பேரும் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேச ஆரம்பித்தால் தெருவே கேட்கும், ஏதோ சண்டை என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை, தக்காளி என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மாமாவிடம் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டை இருக்கிறது. பஸ் பிடித்து பாலிகிளினிக் போவார், டாக்டர் பார்ப்பார், மாத்திரை வாங்குவார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் அங்கேயும் போவார். அவருக்குக் காதுக் கருவி வந்தது அப்படித்தான். அப்பாவுக்கு அந்த வாசல் கிடையாது. மத்திய அரசு மருத்துவத் திட்டத்தில் சேர்ந்து மாதா மாதம் சென்னைக்குப் போய் மருந்து வாங்கி வருவது நடக்காத காரியம் என்று, அது வேண்டாமென்பவர்களுக்குத் தரும் மருத்துவப்படியை எடுத்துக்கொண்டார். எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், மாதம் 1,000 ரூபாய். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்குமே அது போதவில்லை. காதுக் கருவியைச் சொந்தக் காசில் வாங்கினார். அதற்கு பேட்டரி அடிக்கடி மாற்ற வேண்டும், காசை மிச்சம் பிடிக்க வீட்டில் இருக்கும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறார். அம்மா பேசினால் கேட்காது, நான் போன் பண்ணினால் கேட்காது, டிவியைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் டப்பாவைத் திறந்து காதில் மாட்டிக்கொள்வார், கல்யாணத்துக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. ஒரே தெரு, ஒரே மாதிரி காது, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு அமைச்சகம், அந்தப் பக்கம் ஒரு அமைச்சகம்.

மாமாவிடமே ஒரு நாள் கேட்டேன், இது நியாயமா என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க முப்பத்தஞ்சு, நாப்பது வயசுல வெளிய வந்துர்றோம்மா. அப்புறம் செக்யூரிட்டி வேலைக்கு அலையணும். உங்கப்பா டிபார்ட்மென்ட்ல கடைசி வரைக்கும் இருக்கலாமே" என்றார். அதில் உண்மை இருக்கிறது. ராணுவத்தில் ஜவான் சின்ன வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார், எங்கள் படைகளில் இப்போது 60 வயது வரை வேலை உண்டு. வேலைவாய்ப்பில் முன்னாள் படைவீரருக்கு இடஒதுக்கீடு வைத்ததே அந்தக் காரணத்துக்காகத்தான், அதைத் தட்டிப் பறிக்க நான் வரவில்லை. இடஒதுக்கீட்டுக்குத் தனி விதி போடுங்கள், வயதைப் பாருங்கள், வருடத்தைப் பாருங்கள். ஆனால் காது கேட்காமல் போனதற்கு ஓய்வு வயது எப்படிப் பதிலாகும்? மாமாவும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சுவர் மேல் இரண்டு பாக்கெட் பேட்டரி இருந்தது. அப்பாவுக்கு அது சேராது, அளவு வேறு.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகத் தோண்டி மூடிய மண்ணில் கால் வைக்க மாட்டார். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி மூடினார்கள். ஊரே அதன் மேல் நடந்து போனது, இவர் மட்டும் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார். வயலில் வரப்பு புதிதாக வெட்டியிருந்தால் இறங்கிச் சேற்றில் நடப்பார். நான் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் மாவோயிஸ்டுகள் சாலைக்கு அடியில் கண்ணிவெடி புதைத்து வைப்பார்கள், மண்ணின் நிறம் மாறியிருந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது என்று படையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருவார்களாம். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 2010 ஏப்ரல் 6-ஆம் தேதி தந்தேவாடாவில் மாவோயிஸ்ட் தாக்குதலில் 76 பேர் இறந்த அன்று அப்பா சத்தீஸ்கரில்தான் இருந்தார், வேறு பட்டாலியன். இறந்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் சி.ஆர்.பி.எஃப். அன்று ராத்திரி அவர் போன் வரும்வரை அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. டிவியில் 'வீரர்கள் வீரமரணம்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. 2019-இல் புல்வாமாவில் 40 பேர் இறந்தபோதும் அப்படித்தான், அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். ஊரெல்லாம் 'ராணுவ வீரர்களுக்கு வீரவணக்கம்' என்று பேனர் கட்டினார்கள். செத்தால் ராணுவ வீரர், உயிரோடு ஊர் திரும்பினால் போலீஸ். இந்தக் கணக்கை யார் போட்டது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

டொராண்டோவில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் இந்த ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். அவன் ஒரு போட்டோ அனுப்பினான். அங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் முன்னாள் படையினருக்கு அரசாங்கமே தனி நம்பர் பிளேட் தருகிறதாம், சிவப்புப் பாப்பிப் பூவும் 'வெட்டரன்' என்ற சொல்லும் போட்டு. கனடிய லீஜன் என்று அங்கே முன்னாள் படையினருக்கு ஒரு சங்கம், அவர்கள் சான்று கொடுத்தால் பிளேட் கிடைக்கும். போலீஸுக்கு உண்டா என்று கேட்டேன். அங்கேயும் அதே தகராறுதான் என்றான். ஆர்.சி.எம்.பி. என்கிற அவர்களுடைய கூட்டாட்சிப் போலீஸுக்கு உண்டு. நகரப் போலீஸில் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது, எங்களுக்கும் வேண்டும் என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள், ராணுவத்தில் இருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த வரையறையில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. சிறப்புப் பணிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் கடமையாற்றிய காவல் அதிகாரி யாராக இருந்தாலும் அவர் வெட்டரன். நீ எந்த யூனிஃபார்ம் என்று கேட்பதோடு நிற்காமல், எங்கே நின்றாய் என்றும் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீநகரில் ஒரே சாலையில் ஒரே கான்வாய்க்கு, பத்தடிக்கு ஒருவராக ராணுவமும் சி.ஆர்.பி.எஃப்.பும் நிற்கிறார்கள். கல் வந்தாலும் குண்டு வந்தாலும் அட்டையைப் பார்த்துவிட்டு வருவதில்லை. லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் 1959 அக்டோபர் 21-இல் சீனப் படை சுட்டதில் இறந்த பத்துப் பேரும் போலீஸ்காரர்கள்தான், அந்த நாளைத்தான் வருடா வருடம் காவலர் வீரவணக்க நாளாக நீங்களே கடைப்பிடிக்கிறீர்கள். 1965 ஏப்ரல் 9-இல் கட்ச் பகுதியில் சர்தார் போஸ்ட்டைத் தாக்க வந்த பாகிஸ்தான் ராணுவத்தைத் தடுத்து நிறுத்தியது சி.ஆர்.பி.எஃப். 2001-இல் நாடாளுமன்றத்தைத் தாக்க வந்தவர்களைப் பார்த்துக் கத்திக் கூப்பிட்டு எச்சரித்துச் செத்துப்போன கமலேஷ் குமாரி சி.ஆர்.பி.எஃப். கான்ஸ்டபிள், அசோக சக்கரம் கொடுத்தீர்கள். அன்று அவர் காப்பாற்றிய கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் சட்டம் இயற்றுகிறீர்கள், இல்லை, இப்போது பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டீர்கள். போகட்டும்.

ஊரில் எத்தனை ஸ்டிக்கர் பாருங்கள். வக்கீல், டாக்டர், பிரஸ், கட்சிக் கொடி, சாதிச் சங்கம், நான்காவது வார்டு துணைச் செயலாளர், எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. இதில் பாதிப் பேர் அந்த வேலையை ஒரு நாள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 23 வருடம் பார்த்த மனுஷன் மட்டும் நடுரோட்டில் குனிந்து உட்கார்ந்து சேஃப்டி பின்னால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ திபெத் எல்லைப் படை, சசஸ்திர சீமா பல், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை என்று இப்படி ஓய்வு பெற்றவர்கள் எங்கள் மாவட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தப் படைகளைப் பற்றிச் சுதந்திர தினத்தில் நீங்கள் பேசும்போது கேட்க நன்றாக இருக்கிறது. மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் கவுண்டர் வேறு.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன். முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்தவர்களையும் சேருங்கள். எல்லாச் சலுகையும் ஒரே நாளில் முடியாது என்றால் மருத்துவத்தை முதலில் தாருங்கள், பக்கத்தில் இருக்கிற பாலிகிளினிக்கின் கதவை எங்களுக்கும் திறந்துவிடுங்கள். டாக்டரும் கட்டடமும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், கூடுதல் செலவை இரண்டு அமைச்சகங்களும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாது, எல்லோரையும் சேர்க்க முடியாது என்றால், கனடாக்காரர்கள் செய்கிற மாதிரி எங்கே நின்றார் என்று பார்த்தாவது சேருங்கள். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் பஸ்தரிலும் நின்றவர்களின் பணிப்பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது. அப்பா எத்தனை நாள் எங்கே இருந்தார் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதிலை அப்பா பெயருக்கே அனுப்புங்கள். போனில் கூப்பிட வேண்டாம், அவருக்குக் கேட்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சி.ஆர்.பி.எஃப். ஹவில்தார் ஒருவரின் மகள்,
வேலூர் மாவட்டம்.

பி.கு.: 500 ரூபாய் அபராதத்துக்கான ரசீதை அப்பா அந்த 2012 ஆணையின் நகலோடு அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். 'படைவீரர்' என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த காகிதம் தன்னிடம் இது ஒன்றுதான் என்கிறார். எடுத்துப் பார்த்தேன், குற்றம் என்ற இடத்தில் 'படைவீரர் ஸ்டிக்கர்' என்று எழுதியிருக்கிறது.